மகள் வரைந்த மோட்சம்

என் மகள் வரைந்த முதல் மோட்சத்தில் தூசி இருந்தது. அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. மாதா கோயில் ஞானோபதேச வகுப்பில் மோட்சத்தை வரைந்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் வானவில்லும் பூந்தோட்டமும் கொண்டுபோக, இவள் எங்கள் பால்கனியிலிருந்து தெரியும் மொட்டை மலைகளை வரைந்து, அவற்றின் மேல் பழுப்பு நிறத்தில் பெரிய புகைமண்டலம் ஒன்றை எழுப்பி, அந்தப் புகையின் நடுவே ஓரிடத்தில் மட்டும் தாளை வெள்ளையாக விட்டுவைத்திருந்தாள்.

"இதுல மோட்சம் எங்க மக்களே இருக்கு?" என்று கேட்டேன்.

"அந்த ஹோலுக்கு அந்தப் பக்கம் மம்மி. நமக்குத் தெரியாது."

அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தூசி இல்லாத வானத்தை அவள் அதிகம் பார்த்ததில்லை. அவளுடைய அப்பா ஒரு சிமென்ட் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீசியன். நான் ஓர் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். இருவரும் குமரிக் கடற்கரைக்காரர்கள். எங்களுக்கு இவள் ஒருத்திதான். குடியிருப்பின் பின்பக்கம் மலை. மலையை உடைத்துக் கல் எடுக்கிறார்கள். மத்தியான வேளையில் வெடி வைத்தால் முதலில் ஜன்னல் கண்ணாடி அதிரும். பிறகு மலை இடுக்கிலிருந்து வெள்ளையாகத் தூசி கிளம்பி, வெயிலை வாங்கிப் பொன்னிறமாகி, வெகுநேரம் அந்தரத்தில் நிற்கும். புதிதாக வருகிறவர்கள் பயந்துபோவார்கள். என் மகள் இடுப்பில் இருக்கும் வயதிலேயே அதைப் பார்த்துக் கைதட்டுவாள்.

பெரிய வகுப்புக்குப் போனபோது ஓவியத்தையும் ஒரு பாடமாக எடுத்துக்கொண்டாள். அந்தப் பாடத்துக்கு வந்த டீச்சர் வெள்ளைக்காரப் பெண்மணி. இருநூறு வருடங்களுக்கு முன்னால் ஐரோப்பாவில் வாழ்ந்த ஓவியர்கள் சிலருடைய படங்களைத் திரையில் போட்டுக் காட்டினாராம். அன்று வீட்டுக்கு வந்தவள் யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. அந்தப் படங்களை எங்கள் டி.வி.யில் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, என்னையும் சோபாவில் பிடித்து உட்காரவைத்தாள்.

நான் அதுபோலப் படங்களைப் பார்த்ததில்லை. எங்கள் ஊர்க் கோயிலில் சம்மனசுகள், அதாவது தேவதூதர்கள், கன்னம் கொழுத்து, ரோஸ் நிறத்தில், காலண்டர் குழந்தைகள் மாதிரி இருப்பார்கள். மோட்சம் என்றால் திருவிழா அன்று சீரியல் விளக்குப் போட்ட கோயில் முற்றம் மாதிரி ஓரிடம் என்றுதான் மனதில் வைத்திருந்தேன். இந்தப் படங்களில் மலைகள் தலைகீழாகக் கவிழ்ந்துகொண்டிருந்தன. ஒரு நகரம் முழுவதும் தீப்பற்றிப் பாதாளத்துக்குள் சரிந்தது. பிரளயத் தண்ணீர் மேகத்தைத் தொட்டது. இன்னொன்றில் வானம் நடுவில் பிளந்து, உள்ளே படிப்படியாக, வரிசைக்குப் பின்னால் வரிசையாக, கண்ணுக்கு எட்டாத தூரம்வரை சம்மனசுகள் நின்றார்கள்.

"ஆளு எங்கன்னு கண்டுபிடி மம்மி," என்றாள்.

எழுந்து டி.வி. பக்கத்தில் போய்த் தேடினேன். கீழ் மூலையில், ஒரு பாறை விளிம்பில், எறும்பு அளவுக்கு ஒரு மனுஷன் மண்டியிட்டு இருந்தான்.

"இவ்வளவு சின்னதாவா வரைவாங்க?"

"அது கரெக்ட் சைஸ்தான் மம்மி. நாமதான் நம்மளப் பெருசா வரையுதோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பெருமையாகவும் இருந்தது. டூட்டிக்குப் போன இடத்தில் கூட வேலை செய்கிறவர்களிடம் அதைச் சொல்லிக் காட்டினேன்.

அதற்குப் பிறகு வீடு முழுவதும் கரித்தூள். முதலில் அந்தப் படங்களைப் பார்த்து வரைந்தாள். பிறகு பார்க்காமலே வரைந்தாள். வேதத்தில் வரும் காட்சிகள் எல்லாம் எங்கள் மலையில்தான் நடக்கும். நெருப்புத் தேர் குவாரி ரோட்டிலிருந்து மேலே கிளம்பும். உலக முடிவின் கடைசித் தீர்வையில் கல்லறைகள் திறக்கிற இடம் சிமென்ட் ஆலைக்குப் பின்னாலுள்ள வெட்டவெளி. அவளுடைய அப்பா அந்தப் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நம்ம கில்ன்லாக்கும் நரகத்த வச்சிருக்கா," என்று சிரித்தார். ஆலையில் சுண்ணாம்புக் கல்லை எரிக்கும் பெரிய உருளை உலைக்குத்தான் கில்ன் என்று பெயர். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார்.

அவளுக்குப் பதினேழு வயதானபோது, பாஸ்கா காலத்துக்கு, அதாவது ஈஸ்டருக்கு, பீடத்தின் பின்னால் தொங்கவிட ஒரு பெரிய திரை வேண்டும் என்று எங்கள் தமிழ்ச் சபைக்காரர்கள் கேட்டார்கள். கோயில் வளாகத்தில் எங்களுக்குத் தமிழ்ப் பூசை நடக்கிற மண்டபம் ஒன்று உண்டு. விடுமுறை நாட்களில் மண்டபத் தரையில் கான்வாஸ் துணியை விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேலேயே நடந்து நடந்து வரைந்தாள். சுவருக்கு அடிக்கும் ரோலர், துடைப்பம், தன் உள்ளங்கை என்று எதையெல்லாமோ வைத்து வண்ணம் தீட்டினாள். சாப்பாடு கொண்டுபோனால் அப்படியே இருக்கும்.

துணியைத் தூக்கிக் கட்டிய அன்று மண்டபம் நிறைய ஆட்கள். கீழே எங்கள் மலைகள். மேலே வானம் இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளே சக்கரத்துக்குள் சக்கரமாக ஏதோ சுழன்றது. அதைச் சுற்றி இறக்கைகள், இறக்கை முழுவதும் கண்கள். அத்தனை கண்களும் கீழே பார்த்தன. ஒரு பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மண்டியிட்டாள். அவளைப் பார்த்து நாலைந்து பேர் மண்டியிட்டார்கள்.

பாதர் மட்டும் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"கண்ணு இவ்வளவு வேணுமா பாப்பா?"

"அப்படித்தான் பாதர் இருக்கு."

"ஆமா, வேதத்துல இருக்கு," என்று அவர் தலையாட்டினார். அவள் வேதத்தைச் சொல்லவில்லை என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அந்தக் கோடையில்தான் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. அவள் சரியாகத் தூங்குவதில்லை. சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தாள். பள்ளியில் சிநேகிதிகளோடு பேசுவதை விட்டுவிட்டாள். காதில் எப்போதும் ஹெட்ஃபோன், ஆனால் எடுத்து என் காதில் வைத்துப் பார்த்தால் அதில் பாட்டு ஒன்றும் ஓடாது. பரீட்சைக் கவலை என்று நினைத்தேன். தைராய்டாக இருக்குமோ என்று ரத்தம் எடுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

ஒரு நாள் மத்தியானம் நான் வீட்டில் இருந்தேன். அவள் பால்கனியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். ஜூஸ் கொடுக்கப் போனவள் கதவருகிலேயே நின்றுவிட்டேன். அவள் பென்சிலைக் கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கட்டை விரலை மேலும் கீழும் நகர்த்தி அளந்தாள். அளந்த அளவைத் தாளில் வைத்தாள். மறுபடி நீட்டி அளந்தாள். மேசைமேல் இருக்கும் கூஜாவையோ ஆப்பிளையோ பார்த்து வரையும்போது அப்படி அளப்பார்கள். அவள் முன்னால் மலை இருந்தது. ஆனால் பென்சில் மலையை நோக்கி இல்லை. மலைக்கு மேலே, ஒன்றுமில்லாத நீல வானத்தை நோக்கி இருந்தது.

"என்ன மக்களே அளக்குத?"

"இறக்கைய. மூவ் பண்ணிட்டே இருக்கு. கஷ்டமா இருக்கு."

"எந்த இறக்கைய?"

என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் விளையாடுகிறேனோ என்று அவள் யோசித்தது முகத்தில் தெரிந்தது.

"மம்மி, நான் இமாஜின் பண்ணி வரையுதேன்னா நினைச்ச? அது அங்கதான நிக்குது."

ஜூஸை வாங்கி ஒரு வாய் குடித்தாள். பிறகு மறுபடி பென்சிலை நீட்டினாள். நான் உள்ளே வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். படிக்கிற காலத்தில் மனநல வார்டில் மூன்று மாதம் வேலை பார்த்திருக்கிறேன். எனக்கு அதன் பெயர் தெரியும்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றாமல் கேட்டார்.

"பிள்ள சம்மனசப் பாக்குதான்னா ஒனக்கு அது சூக்கேடா?"

"சூக்கேடுதான். மருந்து குடுத்தா குறையும். லேட் பண்ணப்பிடாது."

"ஊர்ல இப்படி ஒரு பிள்ளைக்கு காட்சி கிடைச்சா கோயில் கட்டுவானுவ, கேட்டியா. நீ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்ங்குத."

"அந்தப் பிள்ள எனக்க பிள்ள இல்லியே. அவ சோறு தின்னாளா தூங்கினாளான்னு எனக்குத் தெரியாது. இவளப் பத்தி எனக்குத் தெரியும்."

அவர் மோசமான மனுஷன் இல்லை. பயந்த மனுஷன். வியாதி என்று ஒத்துக்கொண்டால் அது வந்துவிடும் என்று பயந்தார்.

விஷயம் எப்படியோ வெளியே கசிந்தது. செபக் கூட்டத்துப் பெண்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். பழம் வாங்கிக்கொண்டு வருவார்கள். அவள் எதிரில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்பார்கள். அவர்களில் ஒருத்தி எங்கள் பக்கத்துக் கரையைச் சேர்ந்தவள். அவளுடைய கணவர் மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்ப் புயலில் சிக்கித் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு இங்கே ஒரு வீட்டில் சமையல் வேலை செய்தாள்.

"மோளே, நீ பாக்குத இடத்துல எனக்க மாப்பிள்ள நிக்காரா? நெத்தியில ஒரு வெட்டுத் தழும்பு உண்டு," என்று கேட்டாள்.

என் மகள் மரியாதையாகத்தான் பதில் சொன்னாள். "ஆன்ட்டி, அங்க மனுஷங்க யாரும் இல்ல."

"யாருமேவா?"

"யாரும் இல்ல. அவங்க நம்மளப் பாக்கத்தான் நிக்காங்க. உள்ள விடுததுக்கு இல்ல."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, கொண்டுவந்த ஆரஞ்சுப் பையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு நான் யாரையும் உள்ளே விடவில்லை. பாதரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "நான் செபிக்கிறேன். நீங்க நாளைக்கே டாக்டர்கிட்ட போங்க," என்றார். அவர் சொன்னால் கணவர் கேட்பார் என்றுதான் போயிருந்தேன். அப்பாயின்ட்மென்டும் வாங்கினோம்.

அந்தத் தேதிக்கு முன்னால் அவள் பள்ளி பஸ்ஸில் ஏறாமல் மலையைப் பார்த்து நடந்துவிட்டாள்.

கல் ஏற்றும் லாரி ஓட்டும் பெஷாவர் பக்கத்துப் பட்டான்காரர் ஒருவர்தான் அவளைப் பார்த்திருக்கிறார். குவாரிக்குப் போகும் பாதையில், வெயிலில், தலையில் ஒன்றும் போடாமல், ஷூ இல்லாமல் நடந்துகொண்டிருந்தாளாம். அன்று வெடி வைக்கிற நாள். லாரியைக் குறுக்கே நிறுத்தி அவளை ஏற்றிக்கொண்டு, அவள் சொன்ன நம்பருக்குப் போன் செய்து, அவளுடைய அப்பாவின் ஆலை வாசலில் கொண்டுவந்து விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது காவலாளி அறையில் ஏ.சி.க்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். பாதம் இரண்டும் வெந்து கொப்புளித்திருந்தன. அந்த டிரைவர் வெளியே நின்றார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். "எனக்கும் மகள்கள் இருக்கிறார்கள்," என்று இந்தியில் சொன்னார்.

"என்னத்துக்கு மக்களே போன?"

"பக்கத்துல போய் வரையலாம்ன்னு. ஆனா போகப் போகத் தள்ளித் தள்ளிப் போகுது."

அன்று அவளுடைய அப்பா அழுததை முதல்முறையாகப் பார்த்தேன். சட்டையில் சிமென்ட் படிந்திருந்தது, கையால் துடைக்கத் துடைக்க முகமெல்லாம் சாம்பல் நிறமாக ஆயிற்று.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் தன்மையானவர். ஸ்கிசோஃப்ரினியா என்ற வார்த்தையை அவர் என்னிடம் ஆங்கிலத்தில் சொல்ல, நான் கணவரிடம் தமிழில் சொல்லத் தெரியாமல் அதே வார்த்தையைச் சொன்னேன். மாத்திரைகள் ஆரம்பித்தன. சில வாரங்களில் தூங்கினாள். சாப்பிட்டாள். பிறகு அளவுக்கு மீறிச் சாப்பிட்டாள். முகம் ஊதி, நடை மந்தமானது. கை லேசாக நடுங்கத் தொடங்கியது. அதற்கும் ஒரு மாத்திரை கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் பால்கனிக் கதவைத் திறந்து வெகுநேரம் நின்றாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"காலியாயிட்டு மம்மி," என்றாள்.

"நல்லதுதான மக்களே."

"வெறும் மலை."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அந்த மருந்து அழுகையையும் கொஞ்சம் எடுத்துவிடும்.

டாக்டர் வரையச் சொல்லி ஊக்கப்படுத்தினார். நானும் புதிதாகத் தாளும் பென்சிலும் வாங்கி வைத்தேன். ஒரு நாள் டீக் கோப்பையை வரைந்தாள். வட்டம் சரி, நிழல் சரி, கைப்பிடி சரி. டீச்சர் பார்த்தால் முழு மார்க் கொடுப்பார். வரைந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதை அப்படியே விட்டுவிட்டு டி.வி. முன்னால் போய் உட்கார்ந்தாள். அயல்நாட்டில் ஓர் ஓவியக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஒரு வருடம் தள்ளிவைக்கக் கேட்டோம், தந்தார்கள். பிறகு நாங்கள் கேட்கவில்லை.

அடுத்த வருடம் அவளுடைய அப்பா லீவு போட்டு அவளை ஊருக்கு அழைத்துப் போனார். எங்கள் பக்கத்தில் ஒரு கோயில் உண்டு. புத்தி பிசகியவர்களைக் கொண்டுவந்து முற்றத்தில் தங்கவைத்துச் செபிப்பார்கள். அவருடைய அண்ணன் வற்புறுத்தினார். எனக்கு லீவு கிடைக்கவில்லை. மாத்திரைகளை நாள்வாரியாகப் பெட்டியில் பிரித்துக் கொடுத்து, "இத மட்டும் விட்றாதீங்க," என்று சொல்லி அனுப்பினேன். அங்கே, விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அவர் நிறுத்திவிட்டார்.

திரும்பி வந்தபோது அவள் மெலிந்து, கண் பளபளத்து, வேகமாகப் பேசினாள். பெட்டியைத் திறக்கும் முன்பே பென்சிலைத் தேடினாள். நான் டூட்டி முடிந்து வரும்போது ஹால் தரை முழுவதும் படங்கள் கிடந்தன.

அந்தப் படங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் அதற்கு முன்னால் வரைந்த எதுவும் அவற்றின் பக்கத்தில் நிற்காது. மலை கண்ணாடி போல் உள்ளே தெரிந்தது. அதன் வயிற்றில் ஒரு படிக்கட்டு, அதில் ஒளி தண்ணீரைப் போல வழிந்து இறங்கியது. மேலே ஒரு முகம், முகம் என்று சொல்ல முடியாது, பார்வை மட்டும். வெறும் கரியால் அவ்வளவு வெளிச்சத்தை எப்படிக் கொண்டுவந்தாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றேன். என் மகள் திரும்பி வந்துவிட்டாள் என்று என் மனது துள்ளியது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு வருடத்துக்கு மேலாக நான் காணாத சிரிப்பு.

"பாத்தியா மம்மி. போகல. வெயிட் பண்ணிட்டு இருந்திருக்கு."

அவள் நகக்கண்களில் ரத்தம் இருந்தது. தரையில் தேய்த்துத் தேய்த்து வரைந்திருக்கிறாள். உதடு வறண்டு வெடித்திருந்தது. என்றைக்குத் தண்ணீர் குடித்தாளோ. நான் பையை வைத்துவிட்டு, அவள் முன்னால் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்து முடித்தேன். எல்லாவற்றையும் பார்த்த பிறகு சமையலறைக்குப் போய் மாத்திரையை எடுத்து வந்தேன்.

"இதக் குடிச்சா அவங்க போயிருவாங்க," என்றாள்.

"தெரியும் மக்களே."

"உனக்கு இந்தப் படம் பிடிக்கலியா?"

"பிடிச்சிருக்கு."

"பொறவு?"

நான் தண்ணீர் டம்ளரை நீட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் வாங்கிக் குடித்தாள். எனக்காகத்தான் குடித்தாள். அது போதாமல் மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி ஊசி, மறுபடி வீக்கம். இந்தத் தடவை முன்பு மீண்ட அளவுக்குக்கூட அவள் மீளவில்லை. அவளுடைய அப்பா அந்தக் கோயிலைப் பற்றி அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை. மாத்திரை நேரத்தில் இப்போது அவர்தான் தண்ணீரை எடுத்து வருகிறார்.

மண்டபத்தில் தொங்கிய திரையைச் சபைக்காரர்கள் கழற்றிவிட்டார்கள். ஒருவரும் குத்திப் பேசவில்லை. துணி அழுக்கடைந்துவிட்டது என்றார்கள். சுருட்டி எங்கள் காரின் பின்சீட்டில் வைத்தார்கள், நீளம் கொள்ளாமல் ஜன்னல் வழியே ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்கு, அவளுக்கும் ஒரு வேலையாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில், சின்னதாக ஒரு படம் கேட்டார்கள். அவள் போனில் ஏதோ வாழ்த்து அட்டையைப் பார்த்து, ரோஸ் கன்னமும் மஞ்சள் முடியுமாக இரண்டு சம்மனசுகளை வரைந்தாள். கை நடுங்கியதால் ஒரு சம்மனசுக்கு வாய் கொஞ்சம் கோணியிருந்தது. எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. "இப்பம்தான் பாக்க அழகா இருக்கு," என்று பல பேர் அவளிடமே வந்து சொன்னார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் "தேங்க் யூ ஆன்ட்டி, தேங்க் யூ அங்கிள்," என்றாள். காரில் ஏறிய பிறகு, "அவங்க அப்படி இருக்க மாட்டாங்க மம்மி," என்றாள். கோபமில்லை. தகவல் சொல்வதுபோலச் சொன்னாள்.

போன குளிர்காலத்தில் அபுதாபியில் ஒரு கண்காட்சி நடப்பதாக ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா சொன்னார். ஐரோப்பாவிலிருந்து பழைய ஓவியங்கள் வந்திருக்கின்றன, வேதக் காட்சிகள், புயல், மலை, வானம் என்று. எனக்கு உடனே ஆசை பிடித்துக்கொண்டது. அசலைப் பார்த்தால் உள்ளே ஏதாவது அசையாதா? மூவரும் காரில் போனோம். ராஸ் அல் கைமாவிலிருந்து தூரம். வழியெல்லாம் தூங்கினாள்.

உள்ளே விளக்கை மங்கலாக வைத்திருந்தார்கள். ஓர் அறையின் எதிர்ச்சுவர் முழுவதையும் ஒரே படம் பிடித்திருந்தது. அதை நான் எங்கேயும் பார்த்ததில்லை, அவளும் பார்த்ததில்லை என்றாள். கடல் பின்வாங்கி, அடித்தரை தெரிந்தது. அதன் மேல் வானம் ஒரு கூடாரத் துணியைப் போலச் சுருண்டு விலகியது. அந்த இடைவெளியில் வெளிச்சம். இதற்கு முன்னால் டி.வி.யில் பார்த்தது ஒன்றுமே இல்லை. இது என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. இத்தனை வயதுக்குப் பிறகு எனக்குப் புரிந்தது, அவள் எதை அளந்துகொண்டிருந்தாள் என்று. "மக்களே, இங்க பாரு," என்று திரும்பினேன்.

அவள் நடுவில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, படத்தை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"நல்லா செஞ்சிருக்காங்க," என்றாள். பிறகு கண்ணை மூடினாள். தலை மெதுவாக அவளுடைய அப்பாவின் தோளில் சாய்ந்தது. வாய் கொஞ்சம் திறந்தது.

நான் மட்டும் அந்தப் படத்தின் முன்னால் நின்றேன். கொஞ்ச நேரத்தில் யூனிஃபார்ம் போட்ட ஆப்பிரிக்கப் பெண் ஒருத்தி வந்து, இங்கே தூங்கக் கூடாது மேடம் என்று குனிந்து மெல்லிய குரலில் சொன்னாள். உடம்பு சரியில்லை என்றேன். அவள் சங்கடப்பட்டு, அப்படியானால் வெளியே சோபா இருக்கிறது என்று கையைக் காட்டினாள். நாங்கள் அவளை எழுப்பி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வெளியே வந்தோம். மீதி அறைகளைப் பார்க்கவில்லை.

இப்போது அவளுக்கு இருபத்துநான்கு வயது. எங்கள் விசாவில்தான் இருக்கிறாள். ஆலையில் வயதானவர்களைக் குறைக்கிறார்கள். அவருக்கு எந்த மாதமும் சொல்லிவிடலாம். எனக்கும் இன்னும் சில வருடங்கள்தான். ஊருக்குப் போனால் அங்கே அவளுக்கு யாரும் இல்லை, தமிழும் பாதிதான் வரும். எங்களுக்குப் பிறகு யார் என்ற கேள்வியை நானும் அவரும் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வதில்லை.

அன்று கண்காட்சியிலிருந்து திரும்பி வரும் வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி அவளுக்கு சிப்ஸ் வாங்கிக் கொடுத்தோம். முழுப் பாக்கெட்டையும் தின்று முடித்து விரலைத் துடைத்தாள்.

"நாளைக்கு உனக்கு டூட்டி உண்டா மம்மி?"

"உண்டு."

"அப்பாவுக்கு?"

"அப்பாவுக்கும் உண்டு."

"அப்போ நான்?"

"நீ வீட்ல இரு மக்களே. மத்தியானம் போன் பண்ணுதேன்."

அவள் சரி என்று தலையை அசைத்தாள். அவர் வண்டியைக் கிளப்பினார்.